கண்ணாடி இறக்காத செவ்வாய்க்கிழமைகள்

மூன்று வருடங்களுக்கு முன்பு, ஒரு கார்த்திகை மாத வெள்ளிக்கிழமை காலை, வட்டுக்கோட்டையில் எங்கள் வீட்டு வாசல் படலையடியில் தொடங்கியது இந்தச் சம்பவம். வெளியே நல்ல மழை. ஒருவர் ஒரு கையில் குடையும் மறுகையில் பெரிய பையுமாக நனைந்துகொண்டு நின்றார். என் மகளின் மாமனார். உலக வழக்கில் எனக்குச் சம்மந்தி. அன்றுவரை அந்தச் சொல்லை நான் வாயால் சொன்னதில்லை.

மகள் எங்களுக்கு ஒரே பிள்ளை. யாழ்ப்பாண நகரில் ஒரு மருந்துக்கடையில் வேலை செய்தாள். அங்கே மருந்து வாங்க வந்த ஒருவரை விரும்பினாள். குருநகர்க்காரர், படகு எஞ்சின் திருத்துபவர், கத்தோலிக்கர், கடற்றொழில் செய்யும் குடும்பம். நாங்கள் தோட்டம் செய்கிற சைவக் குடும்பம். நான் ஏலாது என்று சொல்லிவிட்டேன். இருபத்தெட்டு வயதுப் பிள்ளை என் அனுமதிக்காக எவ்வளவு காலம்தான் காத்து நிற்பாள்? தேவாலயத்தில் கல்யாணம் நடந்தது. மனைவி நல்ல சேலை ஒன்றை எடுத்து உடுத்திக்கொண்டு போனாள். நான் அன்றைக்கென்று பார்த்து வெங்காயத்துக்குத் தண்ணீர் இறைத்துக்கொண்டு நின்றேன்.

எனக்கு முன்கோபம் உண்டு. பிறகு தனியே இருந்து வருந்துகிற குணமும் உண்டு. இரண்டுக்கும் நடுவில் போய் மன்னிப்புக் கேட்கிற பழக்கம்தான் இல்லை. முப்பது வருடம் பள்ளிக்கூடத்தில் விஞ்ஞானம் படிப்பித்தவன். பிழை விட்ட பிள்ளைகளைத்தான் பார்த்துப் பழக்கம், பிழை விட்டவனாக நின்று பழக்கமில்லை.

எங்களிடம் ஒரு சின்ன ஜப்பான் கார் இருக்கிறது. பழையதாகத்தான் வாங்கினோம். மகள் வேலைக்குப் போகத் தொடங்கியபோது, அவளைக் கொண்டுபோய் விடவென்றே வாங்கியது. எனக்குப் பக்கத்தில், இடதுபக்க முன் இருக்கையில்தான் அவள் இருப்பாள். அவளுக்குப் பீனிசம். ஏசிக் காற்று நேரே முகத்தில் பட்டால் உடனே தும்மல் தொடங்கிவிடும். ஏறியதும் ஏறாததுமாகத் தன் பக்கத்துக் காற்று வாயின் தட்டுகளைக் கண்ணாடிப் பக்கம் திருப்பி விடுவாள். "அப்பா, உங்கடை ஏசி என்ரை மூக்கைத்தான் தேடி வருது" என்பாள். அவள் வீட்டைவிட்டுப் போன பிறகும் அந்தத் தட்டுகள் அவள் திருப்பி விட்டபடியே இருந்தன. கார் துடைக்கும்போது அந்த இடத்தை மட்டும் அசையாமல் துடைப்பேன். மனைவி பலதடவை கண்டிருக்கிறாள், ஒன்றும் கேட்டதில்லை.

சரி, படலையடிக்கு வருகிறேன். அவரை உள்ளே கூப்பிட்டது நானில்லை, மனைவி. தேத்தண்ணீர் கொடுத்தாள். மனிதர் கதிரையின் நுனியில் இருந்தார். மகளுக்கு ஆண்பிள்ளை பிறந்து ஒரு மாதம் ஆகிவிட்டது, மார்கழி நத்தார்ப் பண்டிகைக்கு முந்தின ஞாயிறு ஞானஸ்நானம், கட்டாயம் வரவேண்டும் என்று சொன்னார். பிள்ளை பிறந்தது எனக்குத் தெரியும். ஆஸ்பத்திரிக்குப் போகாமல் இருந்ததும் எனக்குத் தெரியும். நான் முகட்டைப் பார்த்துக்கொண்டு இருந்தேன். அவர் பையை மெல்ல முன்னால் நகர்த்தினார். ஐஸ் போட்ட விளைமீன். அப்போதுதான் சுவரில் இருந்த கலண்டர் அவர் கண்ணில் பட்டிருக்க வேண்டும்.

"ஐயோ, இண்டைக்கு வெள்ளி எல்லோ! அவசரத்திலை யோசிக்கேல்லை. குறை நினையாதேங்கோ" என்று பையை மறுபடி தன் காலடிக்கு இழுத்துக்கொண்டார்.

மழை விட்டபாடில்லை. மனைவி ஒரு பார்வை பார்த்தாள். அந்தப் பார்வைக்குப் பயந்து, அவரைப் பஸ் எடுக்கிற சந்திவரை காரில் கொண்டுபோய் விட்டேன். பத்து நிமிட ஓட்டம். நேரே போய் முன் இருக்கையில், என் மகளின் இடத்தில் ஏறி இருந்தார். பையைக் கீழே வைத்தார், பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டு எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். நான் ஒரு சொல் கதைக்கவில்லை. அவரும் இறங்கும்போது "வாறன் சம்மந்தி" என்றதோடு சரி.

அவர் போய் ஒரு கிழமைக்குள் காருக்குள் மணக்கத் தொடங்கியது. சும்மா மணமில்லை. ஏசியைப் போட்டால் போதும், காற்று வாய்களுக்குள்ளால் குப்பென்று ஒரு நாற்றம் வந்து முகத்தில் அடிக்கும். இடதுபக்கக் கால்விரிப்பைத் தொட்டுப் பார்த்தேன், ஈரம். அந்தப் பை இருந்த அதே இடம்! வேறு என்ன சாட்சி வேண்டும்? "மீன் தண்ணி ஊத்திப்போட்டான் மனிசன்" என்று தீர்ப்பு எழுதிவிட்டேன். வெள்ளிக்கிழமை தவிர மற்ற நாட்களில் என் குசினியிலேயே மீன் பொரிபடுகிறது, அந்த மணத்துக்கு நான் மூக்கைப் பொத்தியதே இல்லை. அதைப்பற்றி யோசிக்க அப்போது எனக்கு நேரம் இருக்கவில்லை.

ஞானஸ்நானத்துக்கு இரண்டு நாள் முன்பு மகள் தாயுடன் தொலைபேசியில் கதைத்துக்கொண்டிருந்தாள். மனைவி சத்தத்தைக் கூட்டி வைத்துக்கொண்டு என்னிடம் கேட்டாள்.

"இஞ்சேருங்கோ, அப்பா வாறாரோ எண்டு பிள்ளை கேக்கிறாள்."

பார்ப்பம் என்று ஏதாவது சொல்லி மழுப்பியிருக்கலாம். நான் சொன்னது இது: "அந்த ஆள் ஏறினதிலையிருந்து கார் மீன் வெடுக்கு அடிக்குது. உதுக்கை ஏறி இருந்துகொண்டு எங்கை போறது?"

சாதி என்று நான் சொல்லவில்லை, சமயம் என்றும் சொல்லவில்லை. கார் மணம் என்றுதான் சொன்னேன். ஆனால் கேட்டவர்களுக்கு விளங்கும்தானே. பிறகு மகளின் குரல் வந்தது.

"அம்மா, அப்பாவிட்டைச் சொல்லுங்கோ. நானும் இப்ப இந்த வீட்டுப் பிள்ளைதான். நானும் மணப்பன்."

அதற்குப் பிறகு நான் வீட்டில் இல்லாத நேரம் பார்த்துத்தான் தாயுடன் கதைப்பாள்.

மணத்தை விரட்ட நான் பட்ட பாடு ஊருக்கே தெரியும். முதலில் மஞ்சள் தண்ணீர் தெளித்தேன். தேசிக்காயைப் பாதியாக வெட்டி நான்கு மூலையிலும் வைத்தேன். அடுப்புக்கரியை ஒரு சட்டியில் போட்டு இருக்கைக்குக் கீழே வைத்தேன். யாரோ சொன்னார்கள் என்று கோப்பித்தூள் வைத்தேன். கடைசியில் நான்கு கண்ணாடியையும் ஏற்றிவிட்டு, ஏசியைப் போட்டு, உள்ளே சாம்பிராணித் தட்டை வைத்துக் கதவைச் சாத்தினேன். புகை எல்லாம் காற்று வாய்க்குள் போய்ச் சுற்றிச் சுற்றி வந்தது. அதன் பிறகு காருக்குள் ஏறினால் கோயில் மூலஸ்தானத்துக்குள் ஏதோ செத்துக் கிடப்பதுபோல இருந்தது. முன்வீட்டுக்காரர் ஒருநாள் ஏறிவிட்டு, "மாஸ்டர், நான் நடந்தே போறன்" என்று சந்தியில் இறங்கிக்கொண்டார்.

கராஜுக்கும் கொண்டுபோனேன். அங்கே இருந்தவர் கேட்ட முதல் கேள்வி, "காத்து ஃபில்டர் புதுசு போட்டனீங்களோ?" என்பது. ஏனென்றால் அந்தக் காற்று வடிகட்டி பழுதாகிவிட்டது என்று சொல்லி, ஒரு வருடத்துக்கு முன்பு அவர்தான் அதைக் கழற்றித் தந்திருந்தார். நான் இன்னும் வாங்கவில்லை. "ஓம், போட்டனான்" என்று கூசாமல் பொய் சொன்னேன். இல்லை என்றால் மணத்துக்கு வேறு காரணம் இருக்கக்கூடும் என்று ஒத்துக்கொள்ள வேண்டி வருமே. அவர் இருக்கைகளைக் கழுவி, காற்று வாய்க்குள் வாசனைத் திரவியம் அடித்து விட்டார். இரண்டு நாள் ரோசாப்பூ மணத்தது, மூன்றாம் நாள் ரோசாப்பூவும் அழுகிப்போனதுபோல மணத்தது.

இன்னொரு விஷயம். கால்விரிப்பு மாதக்கணக்காக ஈரமாகவே இருந்தது. தையில் மழை முடிந்து, பங்குனி வெயில் எரித்து, சித்திரையும் போய்விட்டது. ஒரு பை மீனின் தண்ணீர் ஆறு மாதம் காயாமல் இருக்குமா என்று விஞ்ஞானம் படிப்பித்த ஒருவன் யோசித்திருக்க வேண்டாமா? "முதலில் அவதானம், பிறகு முடிவு" என்று கரும்பலகையில் எத்தனை தடவை எழுதியிருப்பேன்! என் விஷயத்தில் முடிவை முதலிலேயே எழுதிவிட்டேன்.

இனிச் சொல்லப்போவதை நான் மனைவியிடம்கூடச் சொல்லாமல் வைத்திருந்தேன். தை மாதத்தில் தொடங்கி, ஒவ்வொரு செவ்வாயும் உரம் வாங்க, விதை வாங்க, கண்ணாடிக்கடைக்கு என்று ஏதாவது ஒரு சாட்டுச் சொல்லிக்கொண்டு நகருக்குப் போவேன். போகிற இடம் குருநகர். தேவாலய மதிலோரம் ஒரு வாகைமரம் நிற்கிறது. அதன் கீழ் காரை விட்டால் எதிரே இருக்கிற ஒழுங்கையின் மூன்றாவது வீடு தெரியும். என் மகளின் வீடு.

இறங்க மாட்டேன். கண்ணாடியையும் இறக்க மாட்டேன், யாராவது கண்டு கதைத்துவிட்டால்? எல்லாவற்றையும் ஏற்றிப் பூட்டிவிட்டு, அந்த நாற்றத்துக்குள், லேஞ்சியால் மூக்கைப் பொத்திக்கொண்டு அரை மணித்தியாலம் இருப்பேன். மகளைப் பெரும்பாலும் காணக் கிடைக்காது. கண்டாலும் முதுகுதான். வீட்டின் முன்னால் ஒரு கொடி கட்டியிருந்தது. அதில் பிள்ளையின் உடுப்புகள் காயும்.

என் பேரனை நான் அறிந்தது அந்தக் கொடியில்தான். முதலில் வெறும் வெள்ளைத் துணிகள், அணைதுணிகள். மாசியில் முன்பக்கம் முடிச்சுப் போடுகிற குட்டிச் சட்டைகள். வைகாசியில் ஒரு மஞ்சள் சட்டை வந்தது, நெஞ்சில் வாத்துப் படம். ஆனியில் முழங்கால் தேய்ந்த ஒரு காற்சட்டை. ஓகோ, தவழுகிறான் என்று கண்டுபிடித்தேன். அன்றைக்கு வீட்டுக்கு வருகிற வழியெல்லாம் எனக்குச் சந்தோஷம், கல்லுண்டாய் வெளி வந்ததும் ஏனோ அழுகை வந்துவிட்டது. காரை ஓரம்கட்டிவிட்டு அழுதேன். முகம் தெரியாத ஒரு பிள்ளைக்காக ஒரு மனிதன் இப்படி ஏங்குவான் என்று எனக்கு முன்பு யாராவது சொல்லியிருந்தால் சிரித்திருப்பேன்.

ஆவணி மாதத்துச் செவ்வாய் ஒன்று. வெயில் என்றால் அப்படியொரு வெயில். ஏசியைப் போட்டால் நாற்றம், நிறுத்தினால் அவியல். கொடியில் வாத்துச் சட்டை காய்ந்துகொண்டிருந்தது. அதையே பார்த்துக்கொண்டு இருந்தேன். டொக், டொக் என்று பக்கக் கண்ணாடியில் தட்டுச் சத்தம். திரும்பிப் பார்த்தால் தோளில் துவாயுடன் சம்மந்தி நிற்கிறார்.

ஓடிவிடலாம் என்றுதான் முதலில் நினைத்தேன், உண்மையைச் சொல்கிறேன். கை தானாகக் கண்ணாடியை இறக்கியது. உள்ளிருந்து வந்த காற்று பட்டதும் மனிதர் இரண்டு அடி பின்னால் போனார்.

"என்ரை மாதாவே! சம்மந்தி, என்னண்டு உதுக்கை இருக்கிறியள்?"

"சும்மா... ரவுணுக்கு வந்தனான்."

"ஓம், தெரியும். ஒவ்வொரு செவ்வாயும் ரவுணுக்கு வாறியள்."

நக்கல் இல்லை அந்தக் குரலில். அதனால்தான் எனக்கு இன்னும் கூச்சமாகப் போய்விட்டது. நான் தொலைபேசியில் சொன்ன வார்த்தை அவர் காதுக்குப் போயிருக்கும் என்பது அவர் நின்ற விதத்திலேயே தெரிந்தது. ஆனாலும் அவர் போகவில்லை. கிட்ட வந்து, தலையை உள்ளே நீட்டி, மீனின் செவுள் பூவைக் கிளப்பிப் பார்ப்பவர்போலக் கவனமாக மணந்து பார்த்தார். இடதுபக்கம் சுற்றிப் போய்க் கதவைத் திறந்து கால்விரிப்பைத் தொட்டார். விரலை மூக்கில் வைத்தார்.

"குறை நினையாதேங்கோ சம்மந்தி. நான் அம்பது வருசமா மீனோடை சீவிக்கிறவன். மீன் பழுதானா முதல்நாள் ஒரு மணம், மூண்டாம் நாள் வேறை மணம், பிறகு காஞ்சு போயிடும். உது மீனில்லை. உது பூ. எங்கடை கோயில் திருநாள் முடிஞ்சு நாலாம் நாள், மழையிலை நனைஞ்சு கிடக்கிற மாலையள் இப்பிடித்தான் மணக்கும்."

பூவா? அவர் ஒழுங்கைப் பக்கம் திரும்பி, "தம்பி, ஒருக்கா இஞ்சை வா!" என்று தன் மகனைக் கூப்பிட்டார்.

மருமகன் கையெல்லாம் கிறீஸோடு வந்தார். என்னைக் கண்டதும் அப்படியே நின்றுவிட்டார். நாங்கள் இருவரும் நேருக்கு நேர் பார்த்தது அதுதான் முதல்தடவை. கையைக் காற்சட்டையில் துடைத்துக்கொண்டு வந்து, "மாமா, திறப்பைத் தாங்கோ" என்றார். வேறு ஒன்றும் கேட்கவில்லை. கார்ச் சாவியைக் கொடுத்தேன்.

முன்பக்கத்துச் சாமான் பெட்டியைக் கழற்றினார். "மாமா, உதுக்குள்ளை ஃபில்டர் இல்லையே?" என்றார். "இல்லை" என்றேன். எட்டு மாதத்தில் அந்தக் காரைப்பற்றி நான் சொன்ன முதல் உண்மை அதுதான். பிறகு கீழே சரிந்து படுத்து, காற்று அடிக்கிற விசிறியை வெளியே எடுத்தார். அதன் இதழ்களுக்குள் கறுப்பாக, களிபோல ஏதோ அடைந்து கிடந்தது. விரலை விட்டு இழுத்தார். வந்தது ஒரு நார். வாழைநார். அதில் வரிசையாக முடிச்சுகள், முடிச்சுகளில் உக்கிப்போன நந்தியாவட்டைக் காம்புகள்.

நான் இடக்கைக்காரன். பூக்கட்டினால் என் முடிச்சு மற்றவர்களுக்கு எதிர்ப்பக்கமாகத்தான் விழும். அதை வைத்து மனைவி எத்தனையோ தடவை பகிடி பண்ணியிருக்கிறாள். குருநகரில், அந்த வாகைமரத்தின் கீழ், என் முடிச்சு என்னைப் பார்த்தது.

ஒவ்வொரு வெள்ளியும் கோயிலால் வந்து காரின் முன்கண்ணாடிக்குக் கீழே வெளிப்பக்கம் நான் கட்டிய சரத்தைச் சார்த்துவேன், அர்ச்சனைப் பூவும் வில்வமும் வைப்பேன். அடுத்த வெள்ளி அது வாடியிருக்கும். சாமிப் பூவைத் தெருவில் எறிந்தால் ஆட்களின் கால் படும், பாவம். அதனால் வைப்பரின் கீழே இருக்கிற அந்தச் சல்லடை இடுக்குக்குள் விரலால் தள்ளிவிடுவேன். பக்தியோடுதான் தள்ளினேன். வருடக்கணக்காகத் தள்ளினேன். அந்த இடுக்கால்தான் கார் மூச்சு எடுக்கிறது என்று யாருக்குத் தெரியும்? முன்பு வடிகட்டி தடுத்திருக்கும். அதைக் கழற்றிய பிறகு தடுக்க ஒன்றும் இல்லை, எல்லாம் நேரே உள்ளே.

மருமகன் காருக்குக் கீழே போய் ஒரு கம்பியால் ஏதோ குத்தினார். கறுப்புத் தண்ணீர் கொட்டுகொட்டென்று கொட்டியது. "ஏசித் தண்ணி வெளியிலை போற குழாய், மாமா. பூ அடைச்சிட்டுது. அதுதான் போக வழியில்லாமல் காலடிக்கு வந்திருக்கு" என்றார். கால்விரிப்பு ஈரம் பற்றிய என் ஆராய்ச்சியும் அதோடு முடிந்தது.

உள்ளேயிருந்து எடுத்த எல்லாவற்றையும் ஒரு பேப்பரில் போட்டார். ஒரு சின்னக் குவியல். நரம்பு மட்டும் மிஞ்சின ஒரு வில்வம் இலை, நார்த் துண்டுகள், உக்கின பூக்கள். மூன்று பேரும் அதைப் பார்த்துக்கொண்டு நின்றோம். அந்த இடத்தில் அவர்கள் இரண்டு பேரும் என்னை எதுவும் கேட்டிருக்கலாம். ஒரு சிரிப்புச் சிரித்திருந்தாலே நான் அழிந்துபோயிருப்பேன். யாரும் சிரிக்கவில்லை.

"உது என்ரை கட்டு. நான்தான் போட்டனான்" என்றேன்.

மருமகன் பேப்பரைச் சுருட்டிக் குப்பைப் பையில் போடப் போனார். சம்மந்தி அவர் கையைப் பிடித்தார்.

"பொறு தம்பி. சாமிப் பூ எல்லோ. குப்பையிலை போடக்கூடாது. கால் படாத இடத்திலை விடவேணும்."

அந்தப் பேப்பரை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு நடந்தார். கட்டியிருந்த படகுகளைத் தாண்டி, சாரத்தை முழங்காலுக்கு மேல் தூக்கிக்கொண்டு கடலுக்குள் இறங்கி, என் வீட்டு நந்தியாவட்டையை மெல்லத் தண்ணீரில் விட்டார். என்னுடைய அழுக்கு அது. அவர் தலையில் எட்டு மாதமாக நான் சுமத்தியிருந்த அழுக்கு. எனக்கு வந்த வெட்கத்தை எப்படிச் சொல்ல? அந்த மனிதரின் காலில் விழுந்தால் என்ன என்று இருந்தது.

திரும்பினால் மகள் நிற்கிறாள். இடுப்பில் பிள்ளை. கொஞ்சம் மெலிந்திருந்தாள். என்னென்னவோ சொல்ல வேண்டும் என்று செவ்வாய்க்கிழமை தோறும் மனதில் அடுக்கி வைத்தவன் நான். வாயில் வந்தது இவ்வளவுதான்.

"பிள்ளை, நான் பிழையாக் கதைச்சிட்டன். அது மீனில்லை" என்றேன்.

அவள் என்னையே பார்த்தாள். "மீனில்லையெண்டு எனக்குத் தெரியும் அப்பா" என்றாள். பிறகு மெல்லச் சொன்னாள்: "உங்களுக்கும் தெரியும்."

ஓம். எனக்கும் தெரியும். அன்று அவரை இறக்கிவிட்டு வந்த உடனேயே இருக்கையையும் கீழேயும் தடவித் தடவிப் பார்த்தவன் நான். ஒரு துளி இல்லை. அந்த மனிதர் பையை மடியில் வைத்துக்கொண்டு வந்தவர். இதை அதுவரை என் மனதுக்குள்கூட நான் ஒத்துக்கொள்ளவில்லை. தலையைக் குனிந்துகொண்டு நின்றேன். "மன்னிச்சுக்கொள்ளம்மா" என்றேன். அறுபது வயதில் அந்தச் சொல் வருவதற்கு எவ்வளவு கஷ்டம்!

மருமகன் எல்லாவற்றையும் பூட்டி முடித்து, எஞ்சினைப் போட்டு, ஏசியைப் போட்டார். அவள் சுற்றி வந்து இடதுபக்க முன்கதவைத் திறந்து, பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு, தன் இடத்தில் ஏறி இருந்தாள். பழக்கதோஷத்தில் கை காற்று வாய்க்குப் போனது. போன கை அப்படியே நின்றது.

"இது நான் விட்டபடியே இருக்கு" என்றாள்.

"ஓம்" என்றேன்.

அப்போதுதான் அவள் அழுதாள். கடலால் வந்துகொண்டிருந்த சம்மந்தி இதையெல்லாம் பார்த்துவிட்டு, ஈரக் காலோடு பக்கத்தில் வந்து நின்றார்.

"இவளும் லேசுப்பட்ட ஆளில்லை சம்மந்தி. எங்கடை வீட்டிலை வெயில் படுறது பின்வளவுக்குத்தான். முன்னுக்கு நிழல். ஆனா செவ்வாய்க்கிழமையிலை மட்டும் பிள்ளையின்ரை உடுப்பை முன்கொடியிலைதான் போடுவாள். காயாது எண்டு என்ரை மனிசி எத்தினை தரம் சொல்லியிருப்பாள்! கேட்டால்தானே."

எனக்குக் கொஞ்ச நேரம் விளங்கவில்லை. விளங்கியபோது கார்க் கதவைப் பிடித்துக்கொண்டேன். எட்டு மாதம் நான் ஒளித்திருந்து பார்த்ததாக நினைத்த ஒவ்வொரு சட்டையையும், எனக்குக் காட்டவென்றே அவள் போட்டிருக்கிறாள். அணைதுணி, முடிச்சுச் சட்டை, வாத்து, முழங்கால் தேய்ந்த காற்சட்டை. பிள்ளை வளர்வதை அப்பா காணட்டும் என்று. நான் அவளையும் மணக்கிறாள் என்று சொன்ன பிறகும்.

பிள்ளையை என் கையில் தந்தாள். தூக்கியதும் அவன் செய்த முதல் வேலை, என் மூக்குக்கண்ணாடியைப் பறித்து வாயில் வைத்தது. அன்று பின்னேரம் எல்லோரையும் ஏற்றிக்கொண்டுதான் வட்டுக்கோட்டைக்கு வந்தேன், சம்மந்தி உட்பட. படலைக்கு ஓடிவந்த மனைவி முதலில் பேரனைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள். "என்னப்பா, கார் இப்ப மணக்கேல்லையோ?" என்றாள். வாழ்நாளில் அந்தப் பகிடிக்கு மட்டும் நான் கோபிக்கவில்லை.

இப்போது வடிகட்டியைத் தவறாமல் மாற்றுகிறேன். வெள்ளிக்கிழமைச் சரத்தைக் காருக்குள் ஒரு சின்னத் தட்டில் வைக்கிறேன். வாடியதும் எடுத்து ஒரு கடதாசிப் பையில் சேர்த்து வைப்பேன். மாதம் ஒருமுறை குருநகருக்குப் போகும்போது சம்மந்தியும் நானுமாகக் கடலில் விடுவோம். அவர் சாரத்தைத் தூக்குவார், நான் காற்சட்டையை மடிப்பேன். அதிகம் கதைக்க மாட்டோம்.

ஆனால் அந்த ஒழுங்கையின் மூன்றாவது வீட்டில் இப்போது மகள் இல்லை. போன வருடம் மருமகனுக்குத் திருகோணமலையில் ஒரு படகுத் தொழிற்சாலையில் வேலை கிடைத்து, குடும்பமாகப் போய்விட்டார்கள். தைப்பொங்கலுக்கும் குருநகர்த் தேவாலயத் திருநாளுக்கும்தான் வருவார்கள். கூப்பிடு தூரத்தில் இருந்த காலத்தில் நான் கண்ணாடியை ஏற்றிவிட்டு இருந்தேன், இறக்கிய பிறகு தூரமாகப் போய்விட்டார்கள். ஒரு செவ்வாய்க்கிழமையை யாராவது எனக்குத் திருப்பித் தந்தால், வாகைமரத்தடியில் கார் நிற்பதற்குள்ளேயே கதவைத் திறந்துகொண்டு ஓடுவேன்.

கடைசியாக அவர்கள் வந்து போனபோது பேரன் முன் இருக்கையில் பால் போத்தலைக் கவிழ்த்து ஊற்றிவிட்டான். மூன்று கிழமையாகக் கார் புளிச்சல் மணக்கிறது. "இஞ்சேருங்கோ, உதைக் கழுவுங்கோவன், தாங்கேலாமல் கிடக்கு" என்று மனைவி தினமும் கத்துகிறாள். நாளைக்குக் கழுவுகிறேன், நாளைக்குக் கழுவுகிறேன் என்று சொல்லிக்கொண்டே இருக்கிறேன். இல்லாத ஒரு மீன் மணத்தைச் சொல்லி என் பிள்ளையை எட்டு மாதம் தள்ளி வைத்தவன் நான்; பேரன் விட்டுப்போன இந்த மணத்தையாவது அடுத்த பொங்கல்வரை வைத்திருக்கலாமே என்று, வாளியையும் துணியையும் எடுத்துக்கொண்டு போகிற ஒவ்வொரு தடவையும் முன் இருக்கையில் கொஞ்ச நேரம் இருந்துவிட்டுத் திரும்பி வருகிறேன்.